முன்சீட்டு மாமா

திருகோணமலையில் வீட்டுக்கு ஒரு முன்சீட்டு மாமா இருப்பார். இல்லாத வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தம் வந்து இறங்கும். ஊர் பார்க்கவென்று ஒரு வேன் ஹயருக்குப் பிடிப்பார்கள். அந்த வேனின் முன்கதவை உரிமையோடு திறந்து சாரதிக்குப் பக்கத்தில் எவர் ஏறி உட்காருகிறாரோ அவரே முன்சீட்டு மாமா. மற்ற நாட்களில் அவர் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். சாரத்தோடு படலையில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் எங்கே போகிறீர் என்று விசாரிக்கிறவர். வேன் வந்து நின்றதும் ஆள் மாறிவிடுவார். கால்சட்டை ஏறும். சேட்டுப் பொக்கற்றில் பேனையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் ஏறும். குரல் ஒரு படி ஏறும்.

வேடிக்கை என்னவென்றால், சொந்தம் வராத காலத்தில் இந்த இடங்கள் எதற்கும் அவர் போகமாட்டார். கோணேசர் மலை நடந்துபோகும் தூரம். திருவிழாவுக்கும் திவசத்துக்கும் தவிர அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். நிலாவெளிக் கடலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், "போனமுறை லண்டன்காரர் வந்திருக்கேக்க" என்பார். ஊர் அங்கேயேதானே கிடக்கிறது, எங்கே எழும்பி ஓடப்போகிறது என்பது அவர் கட்சி.

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் அம்மாவின் தம்பி. கனடாச் சித்தப்பா குடும்பத்தோடு ஆடி மாதம் வந்து இறங்கினார். ஆடியில் எங்கள் பக்கத்துக் கடல் குளம்போல் கிடக்கும். கச்சான் காற்று மட்டும் பகலெல்லாம் கொதிக்கக் கொதிக்க வீசும். சித்தப்பா கைத்தொலைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: கன்னியா, கோணேச்சரம், நிலாவெளி, புறாத்தீவு. மாமா அதை வாங்கிப் பார்த்தார்.

"இடமெல்லாம் சரி, தம்பி. சாப்பாடு எங்க?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. முன்சீட்டு மாமாவின் தலைக்குள் இருக்கிற வரைபடத்தில் இடங்களுக்குப் பெயர் கிடையாது, தீனிக்குத்தான் பெயர். கன்னியா என்றால் அவித்த சோளம். நிலாவெளிப் பாதை என்றால் பாலைப்பழம். கிண்ணியா என்றால் எருமைத் தயிர். டச்சுக்குடாக் கடற்கரை என்றால் இறால் வடையும், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காயும். இடையில் கோயிலும் கோட்டையும் வரும். வந்தால் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறவேண்டும்.

ஆனால் இந்த வரைபடத்தைக் கையில் எடுத்து நடத்துவதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மச்சம் தின்றால் கோயிலுக்குப் போகக்கூடாது. திருகோணமலையில் குடும்பத்தோடு ஒருநாள் வெளிக்கிடுகிற எவருக்கும் முழுநாள் திட்டமும் இந்த ஒரு விதியில்தான் தொங்கும். வெள்ளியும் செவ்வாயும் சரிவராது, வீட்டில் மரக்கறி. ஆகவே ஞாயிறு. ஞாயிறென்றாலும் கோயில் முன்னுக்கு, மீன் பின்னுக்கு. ஆனால் நல்ல மீன் வேண்டுமென்றால் சந்தைக்கு விடியக்காலை போயாகவேண்டும். எனவே மீனை விடிய வாங்கி, காலையில் சமைத்து, தின்னாமல் வைத்து, தோய்ந்து, கோயிலுக்குப் போய், பிறகு வந்து தின்னவேண்டும். நடுவில் ஒருவர் வாய் தவறினால் எல்லாம் குழம்பும்.

மீன் சந்தையில் மாமாவைப் பார்க்கவேண்டும். தெரிந்த வியாபாரியிடம் நேரே போகமாட்டார். முதலில் தெரியாத நால்வரிடம் விலை கேட்டு, நால்வரையும் அவமதித்து, ஐந்தாவதாகத் தன் ஆளிடம் வருவார். அங்கே பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால், "இது சாயம்போல கிடக்கு" என்பார். கண்ணை அமுக்கிப் பார்ப்பார். வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். வியாபாரி கத்தியை நிறுத்தி, "ஐயா, மீன் செத்துப்போச்சு, இனிச் சுகம் விசாரிச்சு என்ன?" என்றார். கடைசியில் கேட்ட விலைக்கே வாங்கினார். ஆனால் எடை போட்டபின் தட்டில் கிடந்த இரண்டு கணவாயைச் சும்மா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மாமாவின் கணக்கில் அதுதான் வெற்றி.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த விபத்து நடந்தது. பேக்கரி வாசலில் வேன் நின்றிருந்தது. சித்தப்பாவின் சின்னவனுக்குப் பதினொரு வயது. அவன் வயிறு இன்னும் ரொறொன்ரோ நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பசி என்றான். சாரதிப் பெடியன் இரக்கப்பட்டு முக்கோணமாக ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டான். நாங்கள் திரும்பிவர, சின்னவன் வாயோரத்தில் தூளும் முகத்தில் நிம்மதியுமாக இருந்தான். அது மீன் பணிஸ்.

வீட்டில் சபை கூடியது. "கோயிலுக்குப் போற நாளில பிள்ளை மச்சம் தின்னிட்டானே!" என்றார் அப்பாச்சி. சித்தி, அவன் சின்னப்பிள்ளை, கடவுள் ஒன்றும் சொல்லமாட்டார் என்றார். சித்தப்பா, அதற்குள் எவ்வளவு மீன் இருந்திருக்கும், பெரும்பாலும் உருளைக்கிழங்குதானே என்று விகிதாசாரத்தில் வாதாடினார். பணிஸ் வாங்கிக் கொடுத்த சாரதி வேனுக்கு அடியில் எதையோ திருத்துவதுபோல் படுத்துக்கொண்டான். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா கண்களை மூடினார். கச்சேரியில் பழைய கோப்பு ஒன்றைத் தேடுகிறவர்போல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்:

"கன்னியாவில ஏழு கிணத்திலயும் வார்த்தால் தீர்ந்துது. முதல் கன்னியா, பிறகு கோணேசர்."

அப்பாச்சி விடவில்லை. "அது அந்தியேட்டி செய்யிற இடமெல்லோ? செத்தவைக்குக் கிரியை செய்யப் போறனாங்கள். அதில குளிச்சிட்டு நேரே கோயிலுக்கோ?"

"இராவணன்ர தாய்க்குக் கிரியை செய்த இடம், ஆச்சி. இராவணனே அங்க தோய்ஞ்சுபோட்டுத்தான் கோணேசரைக் கும்பிட்டவன். அவன் தின்னாத மச்சமா?"

இதற்கு அப்பாச்சியிடம் பதில் இருக்கவில்லை. இராவணனின் சாப்பாட்டைப் பற்றிப் புராணம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவும் இல்லை.

கன்னியா பட்டினத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில். கிணறு என்றால் பயப்படவேண்டாம். தொட்டி என்று சொல்லலாம். சதுரமாகக் கட்டி விட்டிருக்கிறார்கள். குனிந்து வாளியால் அள்ளித் தலையில் வார்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. எது அதிகச் சூடு என்பதில் கன்னியாவுக்குப் போன குடும்பம் எதுவும் ஒற்றுமையாகத் திரும்பியதில்லை. சின்னவன் முதல் வாளியில் அலறினான், இரண்டாவதில் சிரித்தான், மூன்றாவதற்குப் பிறகு அவனை அங்கிருந்து இழுத்துவரப் பெரும்பாடாயிற்று. மாமா ஒரு வாளியும் வார்க்கவில்லை. சேட்டை மடித்துவிட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, "நாலாவதுதான் சரியான சூடு" என்று அறிவித்துவிட்டு, சோளம் விற்கிற பெண்ணிடம் போய்விட்டார். மாமாவின் நீராட்டம் எப்போதும் விரல் மட்டத்தில்தான்.

இந்த முன்சீட்டு, மாமாவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் பொழுதுபோக்குக்கு வேன் பிடிப்பதென்பது கிடையாது. ஆசுபத்திரிக்கு, சாவீட்டுக்கு, கலியாணத்துக்குப் பிடிப்பார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடி. இறங்கவேண்டும், நடக்கவேண்டும், ஏறவேண்டும், அடுத்ததில் திரும்பவும் இறங்கவேண்டும். மாமாவுக்குச் சிங்களம் நன்றாக வரும், கச்சேரியில் பழகியது. ஆகவே அவரை முன்னுக்கு இருத்துவார்கள். எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி ஒரு றப்பர் வளையம் போட்டுக் கையில் வைத்திருப்பார். வேன் நிற்குமுன்னே கண்ணாடியை இறக்கி, "மாத்தயா" என்று தொடங்குவார். ஆமிக்காரன் மாத்தறையோ குருநாகலோ என்று பேச்சுக் கொடுத்து அறிந்துகொள்வார். பின்சீட்டில் இருந்த பெடியங்களுடைய தாய்மார் அவருடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருப்பார்கள். 2009-க்குப் பிறகு சாவடிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சீட்டை மாமா விடவில்லை. இன்றைக்கும் வேன் வெளிக்கிடுமுன் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஐசி எடுத்தாச்சோ?" என்று கேட்பார். சித்தப்பா கனடாப் பாஸ்போட்டைக் காட்டினார். மாமா அதை வாங்கிப் படத்தையும் ஆளையும் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

கோட்டை வாசலில் இறங்கி நடந்தோம். வாசற்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது, பாண்டியர் முத்திரை. சித்தி அதைப் படம் பிடிக்க, மாமா, "மீன்!" என்று மட்டும் சொன்னார். உள்ளே போனால் புள்ளிமான்கள். பிரெட்றிக் கோட்டை மான்களுக்கு மனிதப் பயம் கிடையாது. பஸ் நிலையம்வரை போய் மேய்ந்துவிட்டு வருகிற சாதி. சித்தி அருச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மானோடு நின்று படமெடுக்க ஆசைப்பட்டார். மான் முகத்தைத் தாழ்த்தி, மிக மரியாதையாக, தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது. சித்தி கத்துமுன் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டது. தேங்காய்தான் மிச்சம். "பரவாயில்லை," என்றார் மாமா, "அதுவும் சைவம்தான்."

மேலே சுவாமிமலையில் சம்பந்தர் பாடிய கோயில். 1622-இல் போர்த்துக்கீசர் இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். மிச்சம் கடலுக்குள் போயிற்று. இப்போதிருக்கும் கோயிலுக்கு 1963-இல் கும்பாபிஷேகம் நடந்தது. சின்னவன் இராவணன் வெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கீழ கடலுக்குள்ள கோயில் கிடக்கு, தெரியுமோ? 1956-இல ஆதர் சி. கிளார்க்கும் கூட்டாளியும் சுழியோடிக் கண்டுபிடிச்சவை" என்றார் மாமா. பையன் திரும்பினான். ஆகாயக் கப்பல் கதை எழுதிய கிளார்க்கா? அவரேதான். நாள் முழுக்கத் தொலைபேசியில் இருந்த கண்ணை அவன் முதன்முதலாக மாமாவிடம் கொடுத்தான். இந்தப் பொன்னான தருணத்தில் மாமா வரலாற்றைத் தொடர்ந்திருக்கலாம். "அவர் ஏன் பிறகு ஊருக்குத் திரும்பிப் போகாமல் இலங்கையிலயே இருந்தவர் தெரியுமோ? எல்லாம் மீன்குழம்புதான்." கிளார்க் இலங்கையிலேயே வாழ்ந்து இங்கேயே காலமானது உண்மை. மற்றது மாமாவின் ஆராய்ச்சி.

கோயில் முடிந்ததும் விதி தளர்ந்தது. எல்லோர் மனமும் வீட்டில் மூடிவைத்த குழம்பில் இருந்தது. பட்டினத்துக்குப் போய்ச் சட்டிகளை ஏற்றிக்கொண்டு, வடக்கே பதினைந்து கிலோமீற்றர் போனால் நிலாவெளி. மணலில் பாயை விரித்துச் சாப்பிடலாம் என்பது திட்டம். வேன் திரும்பியது. வடக்கே அல்ல, தெற்கே.

"மச்சான், நிலாவெளி அந்தப் பக்கமெல்லோ?" என்றார் சித்தப்பா.

"தயிர் இல்லாமல் நிலாவெளியில போய் என்ன செய்யிறது?"

ஆக, வடக்கே சாப்பிடப்போகிற சாப்பாட்டுக்குத் தெற்கே இருபது கிலோமீற்றர் தயிர் வாங்கப் போனோம். சாரதி ஒன்றும் சொல்லவில்லை. மீற்றரைப் பார்த்துப் புன்னகைத்தான். சீனன்குடாவைக் கடக்கையில், காட்டுக்குள் தெரிந்த பழைய எண்ணெய்க் குதங்களைக் காட்டிச் சின்னவன் என்னவென்று கேட்டான். "வெள்ளைக்காரன் கட்டினது. 1942 ஏப்ரல் 9-இல யப்பான்காரன் குண்டு போட்டவன். தயிர் வாங்கேக்க சட்டியைக் கொஞ்சம் சரிச்சுப் பார்க்கோணும், தண்ணி விட்டால் வாங்கக்கூடாது" என்று ஒரே மூச்சில் சொன்னார் மாமா. இரண்டாம் உலக யுத்தத்துக்கு மாமாவின் பேச்சில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம் அதுதான். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். மாமா மட்டும் பாலத்தைக் குறையோடு பார்த்தார். முன்பெல்லாம் இங்கே பாதை என்கிற மிதவையில்தான் வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கவேண்டும். அதற்காகக் காத்துக் கிடக்கவேண்டும். காத்துக் கிடந்தால் கச்சான் வரும், வடை வரும், இஞ்சிப் பிளேன்டீ வரும். "இப்ப ஒரு நிமிசத்தில அங்கால போயிடுறம். வாயில ஒண்டும் வைக்க நேரமில்லை." நாட்டின் அபிவிருத்தியைப் பற்றி இப்படியொரு முறைப்பாட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனாலும் அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

தயிர் வாங்கியாயிற்று. மூன்று மண்சட்டி, கடதாசி போட்டுக் கட்டியது, பாணி ஒரு போத்தல். தயிர்ச்சட்டியை நிலத்தில் வைத்தால் குலுங்கி நீர்விடும். ஆகவே மடியில் வைத்திருக்கவேண்டும். ஒரு சட்டி சித்திக்கு, ஒன்று எனக்கு, ஒன்று சித்தப்பாவுக்கு. ரொறொன்ரோவில் பெரிய நிறுவனத்தில் இருபது பேரை மேய்க்கிற மனிதர், இரு கையாலும் சட்டியை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் உடம்பால் வளைந்துகொடுத்து வந்தார். முன்சீட்டிலிருந்து கட்டளைகள் வந்துகொண்டிருந்தன: "வளைவு வருது... பிடி... இடப்பக்கம் சாயாத!" மாமாவின் மடியில் சட்டி இல்லை. வழி பார்க்கிறவருக்குக் கை வேலை இருக்கக்கூடாதாம்.

வீட்டில் நிறுத்திச் சோறு, பாரைக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், பருப்பு, மாசிச் சம்பல் எல்லாம் ஏற்றி நிலாவெளிக்குப் போய்ச் சேர மூன்று மணி. வழியில் பாலைப்பழம் வேறு. அது தின்றால் பால் ஒட்டி உதடு இரண்டும் பசை போட்டதுபோல் ஆகிவிடும். கொஞ்ச நேரத்துக்கு வேனில் நல்ல அமைதி. புறாத்தீவுக்கு யாரும் போகவில்லை. 2003-இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுச்சீட்டு விலை வேறு, உள்ளூராருக்கு வேறு. "வாயைத் திறவாமல் நில்லுங்கோ, எங்கட ஆக்கள் எண்டு சொல்லுறன்" என்றார் மாமா. அந்தக் கணமே சின்னவன் கனடா ஆங்கிலத்தில் உரக்க, தனக்கு மலசலகூடம் போகவேண்டும் என்று அறிவித்தான். திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது.

பாயை விரித்தோம். பிள்ளைகள் கடலிலிருந்து ஓடிவந்தார்கள். மாமா முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். மாமியைப் பார்த்தார்.

மாமி, "என்ன பார்க்கிறியள்? கோயிலுக்குப் போறதுக்கு முந்திச் சமைச்சது, நான் எப்பிடி வாயில வைச்சுப் பார்க்கிறது? உப்பு கோணேசர் பார்த்திருப்பார் எண்டு விட்டுட்டன்" என்றார்.

கோணேசர் பார்க்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. குழம்பில் உறைப்பு இருந்தது, புளி இருந்தது, தேங்காய்ப்பால் இருந்தது, உப்பு அறவே இல்லை. சம்பலும் குழம்பும் சேர்த்துச் சமாளிக்கப் பார்த்தோம். ஆனால் சின்னவன் மட்டும் தலை நிமிராமல், இரண்டாம் முறையும் குழம்பு கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சித்தி அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். கடலிலிருந்து வந்த கை, கழுவவேயில்லை.

மாமா எழுந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்தார். போய், அலை வந்து தொடுகிற இடத்தில் குனிந்து, வலக்கையை மணிக்கட்டுவரை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் போய்வந்தோம். அப்பாச்சிக்கு ஒரு கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழம்பில் ஒரு துளி மிச்சமில்லை.

பொழுதுபட டச்சுக்குடா, இறால் வடை, மாங்காய். இரவு பட்டினத்தில் கொத்து. கல்லில் இரும்புத் தகடு தாளம் போட, காசை நான்தான் கொடுப்பேன் என்று சித்தப்பாவும் மாமாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் இடையில் புகுந்து, இருவரிடமும் பாதி பாதி வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வீட்டுப் படலையில் வேன் நின்றது. சாரதி மீற்றரைப் பார்த்துத் தொகையைச் சொன்னான். மாமா கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, சேட்டுப் பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்தார்.

"இதில விடிய மீன் சந்தைக்குப் போன ஓட்டத்தைக் கழி."

"ஏன் ஐயா?"

"நீ அந்தப் பணிஸை வாங்கிக் குடுக்காட்டி நாங்கள் கன்னியாவுக்கே போயிருக்கமாட்டம். அந்தப் பதினாறு கிலோமீற்றரை நீதானே உண்டாக்கினது? அதையும் சேர்த்துக் கழி."

சாரதி தலையைச் சொறிந்தான். "கன்னியா உங்கட தம்பியின்ர லிஸ்டில முதலாவதா இருந்ததே, ஐயா."

மாமா பேனையை மூடினார். "சரி, சரி. அப்ப பணிஸுக்கு எவ்வளவு? அதை நான் தாறன்."